உள்ளங்காலையும் பாருங்கள்: தோல் புற்றுநோயைத் தடுப்பதும் கண்டறிவதும்

மாணவர்களே, இன்று காலை கண்ணாடியில் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். பரு வந்திருக்கிறதா, வெயிலில் கறுத்துவிட்டோமா என்றும் கவனித்திருப்பீர்கள். ஆனால், உங்கள் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கால் நகங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தது எப்போது? இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை அறிய, ஒரு பாடகரின் கால் விரலிலிருந்து பாடத்தைத் தொடங்குவோம்.

ஜமைக்கா நாட்டைச் சேர்ந்த உலகப் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லி, காற்பந்து விளையாட்டில் மிகுந்த ஆர்வம் உடையவர். அவருடைய வலது கால் பெருவிரலின் நகத்தடியில் ஒரு புண் இருந்தது. பந்து விளையாடும்போது பட்ட அடி என்றே முதலில் கருதப்பட்டது. புண் ஆறவில்லை. 1977ஆம் ஆண்டில் அதைச் சோதித்தபோது, நகத்தடியில் இருந்தது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்று தெரியவந்தது. விரலை அகற்றிவிடுமாறு கூறப்பட்ட ஆலோசனையைச் சமய நம்பிக்கை உள்ளிட்ட காரணங்களால் அவர் ஏற்கவில்லை. நகமும் அதன் அடித்திசுவும் மட்டும் அகற்றப்பட்டன. பின்னர் நோய் உடலின் மற்றப் பாகங்களுக்கும் பரவியது. 1981ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 36.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, தோல் புற்றுநோய் வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்கு மட்டுமே வரும் என்ற எண்ணம் தவறு. இரண்டாவது, அது வெயில் படாத இடத்திலும் வரலாம். நம்மில் பலர் பழுப்பு அல்லது கருநிறத் தோல் உடையவர்கள். ஆகவே, இந்த இரண்டையும் நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

தோலுக்குள் ஒரு பார்வை

தோல் நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு. இதை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கலாம். வெளியே இருப்பது மேல்தோல். அதன் கீழே இரத்த நாளங்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள், முடி வேர்கள் அடங்கிய உட்தோல் இருக்கிறது. அதற்கும் அடியில் கொழுப்பு நிறைந்த அடுக்கு ஒன்று உண்டு.

மேல்தோல் நாளும் புதுப்பிக்கப்படுகிறது. அதன் அடிப்பகுதியில் புதிய உயிரணுக்கள் பிறந்து, மெல்ல மேலே நகர்ந்து, தட்டையாகி, இறுதியில் உதிர்ந்துவிடுகின்றன. இந்தப் பயணத்திற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இவ்வளவு வேகமாக உயிரணுக்கள் பெருகும் இடத்தில், மரபணுவைப் படியெடுக்கும்போது பிழை நேரவும் வாய்ப்பு உண்டு.

மேல்தோலின் அடிவரிசையில், மற்ற உயிரணுக்களுக்கு இடையே மெலனோசைட் என்னும் நிறமி உயிரணுக்கள் ஆங்காங்கே அமர்ந்திருக்கின்றன. இவை மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து, சிறு சிறு பொட்டலங்களாக அக்கம்பக்கத்து உயிரணுக்களுக்கு அனுப்புகின்றன. அந்த உயிரணுக்கள் மெலனினைத் தங்கள் உட்கருவுக்கு மேலே குடைபோல் விரித்து வைத்துக்கொள்கின்றன. குடையின் கீழ் இருப்பது டி.என்.ஏ.

ஒரு வியப்பான உண்மை: கறுப்பாக இருப்பவருக்கும் வெளுப்பாக இருப்பவருக்கும் நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். மெலனின் பொட்டலங்களின் அளவும், எண்ணிக்கையும், அவை பரவியிருக்கும் விதமும்தான் நிறத்தை மாற்றுகின்றன.

வெயில் டி.என்.ஏ.வை என்ன செய்கிறது?

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அலைநீளத்தைக் கொண்டு இவற்றை மூன்றாகப் பிரிப்பர். மிகக் குறுகிய அலைநீளம் கொண்ட புற ஊதா 'சி' கதிர்களை ஓசோன் உள்ளிட்ட வளிமண்டல வாயுக்கள் தடுத்துவிடுகின்றன. 'பி' கதிர்களில் ஒரு சிறு பகுதியும், 'ஏ' கதிர்களில் பெரும்பகுதியும் தரையை வந்தடைகின்றன. 'பி' கதிர்கள் முக்கியமாக மேல்தோலைத் தாக்கும். 'ஏ' கதிர்கள் இன்னும் ஆழமாக உட்தோல் வரை செல்லும். சாதாரணச் சன்னல் கண்ணாடியையும் இவை பெருமளவு கடந்துவிடும்.

டி.என்.ஏ. ஒரு நீண்ட ஏணி என்பதைப் படித்திருப்பீர்கள். அதில் தைமின் என்னும் வேதிப்பொருள் இரண்டு அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் 'பி' கதிர் பட்டால், அவை எதிர்ப்பக்கத் துணையோடு சரியாக இணைவதை விட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஏணி அந்த இடத்தில் வளைந்துபோகிறது. அதைப் படியெடுக்கும்போது பிழை ஏற்படலாம்.

நம் உடல் இதைச் சும்மா விடுவதில்லை. பழுதுபார்க்கும் புரதங்கள் வளைந்த பகுதியை வெட்டி எடுத்து, புதிய துண்டை நிரப்புகின்றன. இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை விளக்கிய அசிஸ் சஞ்சார், டி.என்.ஏ. பழுதுபார்ப்பின் பிற வழிகளைக் கண்டறிந்த தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச் ஆகியோருடன் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறவியிலேயே இந்தப் பழுதுபார்க்கும் திறன் குறைந்த சில குழந்தைகள் உலகில் உள்ளனர். அவர்களுக்கு மிகச் சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது. இந்தப் பழுதுபார்ப்பு நமக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு அதுவே சான்று.

பழுது அளவுக்கு மீறினால், அந்த உயிரணு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். கடும் வெயிலுக்குப் பிறகு தோல் எரிந்து உரிவது இதனால்தான். இரண்டு காவலையும் மீறித் தப்பும் பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கினால் அதுவே புற்றுநோய். சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1992ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. பிழைகள் பல ஆண்டுகளாகச் சேர்வதால், பதின்ம வயதில் நீங்கள் பழகிக்கொள்ளும் பழக்கம் ஐம்பது வயதிலும் பலன் தரும்.

கருநிறத் தோல் முழுக் கவசமா?

மெலனின் நல்ல குடைதான். கருநிற மேல்தோலையும் வெள்ளை மேல்தோலையும் ஒப்பிட்டு 1979இல் வெளியான ஓர் ஆய்வில், கருநிற மேல்தோலின் இயற்கைப் பாதுகாப்பு ஏறத்தாழ 13 மடங்கு என்றும், வெள்ளை மேல்தோலின் பாதுகாப்பு ஏறத்தாழ 3 மடங்கு என்றும் கணக்கிடப்பட்டது. நம்மிடையே தோல் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் குறைவு என்றால் இல்லவே இல்லை என்று பொருள் அல்ல. மேலும், அரிதாக வருவதால் யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. 'காலில் ஏதோ முள் குத்தியிருக்கும்', 'செருப்புக் கடித்திருக்கும்' என்று நாள்கள் ஓடிவிடும். கருநிறத் தோல் உடையவர்களிடம் மெலனோமா பெரும்பாலும் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுவதால், பிழைக்கும் வாய்ப்பும் குறைகிறது. வரும் வாய்ப்பு குறைவு. வந்தால் ஆபத்து அதிகம். இந்த முரண்பாட்டை மாற்றும் வழி, முன்கூட்டியே கவனிப்பது ஒன்றுதான்.

மூன்று வகைகள்

1. அடித்தள உயிரணுப் புற்று: உலகில் மிகுதியாகக் காணப்படுவது. முகம், கழுத்து போன்ற வெயில் படும் இடங்களில் பளபளப்பான சிறு கட்டியாக வரும். நம் தோலில் இது கரும்பழுப்பு நிறத்தில் தோன்றி, மச்சம் என்று ஏமாற்றலாம். மெதுவாக வளரும், பரவுவது மிக அரிது.

2. செதிள் உயிரணுப் புற்று: சொரசொரப்பான கட்டியாகவோ ஆறாத புண்ணாகவோ தோன்றும். கருநிறத் தோலில் இது பழைய தீக்காயத் தழும்பிலும், நீண்ட நாள் ஆறாத புண்ணிலும் அதிகம் வருகிறது.

3. மெலனோமா: நிறமி உயிரணுக்களில் தொடங்குவது. மூன்றிலும் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் மிக ஆபத்தானது. நிணநீர் வழியாகவும் இரத்தம் வழியாகவும் மற்ற உறுப்புகளுக்குப் பரவக்கூடியது. ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் இது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிறது. இந்த வகைக்கு வெயில் முக்கியக் காரணம் அல்ல. ஆகவே எந்தக் களிம்பும் இதைத் தடுக்காது, கண்தான் காவல்.

மச்சத்திடம் ஐந்து கேள்விகள்

மச்சம் என்பது நிறமி உயிரணுக்கள் ஓரிடத்தில் கூடியிருப்பதுதான். பதின்ம வயதில் புதிய மச்சங்கள் வருவது இயல்பு. உங்கள் வயதில் மெலனோமா மிகவும் அரிது. எனவே, மச்சத்தைக் கண்டதும் பயந்துவிடாதீர்கள். பின்வரும் ஐந்து கேள்விகளை மட்டும் கேளுங்கள்.

• நடுவில் கோடு போட்டால் இரு பாதிகளும் ஒன்றுபோல் இருக்கின்றனவா?
• ஓரம் சீராக இருக்கிறதா, அல்லது நெளிந்தும் கலைந்தும் இருக்கிறதா?
• ஒரே நிறமா, அல்லது பழுப்பு, கறுப்பு, சிவப்பு, நீலம் எனப் பல நிறங்கள் கலந்துள்ளனவா?
• குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளதா? இது பென்சிலின் பின்பக்க அழிப்பான் அளவு.
• சில வாரங்களில் அல்லது மாதங்களில் மாறிக்கொண்டே வருகிறதா?

இவற்றுள் கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. பல ஆண்டுகளாக அப்படியே இருக்கும் மச்சத்தைவிட, மற்றவற்றிலிருந்து வேறுபட்டு மாறிவரும் ஒரு மச்சமே கவனிக்கப்பட வேண்டியது. அரிப்பு, இரத்தக் கசிவு ஆகியவையும் எச்சரிக்கை அடையாளங்கள்.

நகத்தின் அடியில் என்ன?

நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் இருப்பது கருநிறத் தோல் உடையவர்களிடம் சாதாரணம். பல விரல்களில் ஒரேபோல் மெல்லிய கோடுகள் இருந்தால் அது பெரும்பாலும் இயல்பான நிறமிதான். ஒரே ஒரு விரலில் மட்டும் புதிதாகத் தோன்றி, அகலமாகிக்கொண்டே வரும் கோட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் கறுப்பு நிறம் பரவினால் உடனே செல்ல வேண்டும். இந்த அடையாளத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் விவரித்ததால், அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

பந்து விளையாடுபவர்களுக்கு நகத்தடியில் இரத்தம் கட்டிக் கறுப்பாவது உண்டு. இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது? கால் நகம் மாதத்திற்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். இரத்தக் கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னே நகரும். அதன் பின்னால், நகத்தின் அடியில், தெளிவான நகம் முளைத்து வரும். நிறமிக் கோடோ அடியிலிருந்து நுனிவரை தொடர்ந்து அப்படியே இருக்கும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். கறுப்பு நகரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அடி பட்டதே நினைவில்லை என்றால் அந்த ஒரு மாதமும் காத்திருக்க வேண்டாம்.

தாத்தா பாட்டியின் கால்கள்

நம் குடும்பங்களில் இனிப்புநீர் நோய் உள்ளவர்கள் பலர். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். புண் ஆறவும் நாளாகும். குதிகாலில் ஆறாத ஒரு புண் இருந்தால், 'சர்க்கரைப் புண்' என்று எல்லாரும் முடிவு செய்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் உள்ளங்கால் மெலனோமா இனிப்புநீர்ப் புண் என்று தவறாகக் கருதப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

வயதானவர்கள் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்ப்பது எளிதல்ல. உங்கள் கண்கள் கூர்மையானவை. வாரம் ஒருமுறை தாத்தா, பாட்டியின் கால்களைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு, குதிகால், நகம் எல்லாவற்றையும் பாருங்கள். புண் நான்கு வாரங்களில் ஆறவில்லை என்றாலோ, அதன் ஓரத்தில் கறுப்பு நிறம் தெரிந்தாலோ பெற்றோரிடம் சொல்லுங்கள். 'வயசானா அப்படித்தான்' என்று அவர்கள் மறுத்தாலும் விட்டுவிடாதீர்கள்.

மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் அரசாங்க கிளினிக்கிற்கோ, குடும்ப மருத்துவரிடமோ செல்லலாம். அவர் டெர்மோஸ்கோப் என்ற ஒளியூட்டிய உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார். அல்லது தோல் நிபுணரிடம் அனுப்புவார். ஐயம் இருந்தால், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் சோதிப்பார்கள்.

மெலனோமா என்றால், அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் சென்றுள்ளது என்று அளப்பார்கள். அந்த ஆழமே நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பதை 1970ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போதே அகற்றினால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகின்றனர். உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டரைப் பாருங்கள். உயிருக்கும் இறப்புக்கும் உள்ள தூரம் சில வேளைகளில் அவ்வளவுதான். சீக்கிரம் போவது ஏன் அவசியம் என்பது இப்போது புரிகிறதல்லவா?

நம் ஊர் உச்சிப்பொழுது

இனி, தடுக்கும் வழிகளைப் பார்ப்போம். பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சியில் இருக்கும் என்று நினைக்கிறோம். நம் நாட்டில் அப்படி இல்லை. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் தேதி, சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றுபடுத்துவதற்காகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ பிற்பகல் 1.15 மணிக்கு. அதாவது, பலர் பள்ளி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம்!

புற ஊதாக் குறியீடு என்ற எண் கதிர்களின் வலிமையைச் சொல்கிறது. 0 முதல் 2 வரை குறைவு. 3 முதல் 5 வரை மிதம். 6, 7 அதிகம். 8 முதல் 10 வரை மிக அதிகம். 11க்கு மேல் உச்சம். 3ஐ எட்டினாலே பாதுகாப்பு தேவை. நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழும் நமக்கு, வானம் தெளிந்த நண்பகலில் 11ஐத் தாண்டுவது புதிதல்ல. சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் இந்த எண்ணை மணிக்கு மணி வெளியிடுகிறது.

வெப்பத்தை வைத்துப் புற ஊதாவை எடைபோடாதீர்கள். சூட்டைத் தருவது முக்கியமாக அகச்சிவப்புக் கதிர். புற ஊதாவை நம்மால் உணர முடியாது. கேமரன் மலையில் குளிர்கிறதே என்று தொப்பி அணியாமல் திரிகிறோம். ஆனால் ஒவ்வோர் 1000 மீட்டர் உயரத்திற்கும் புற ஊதா சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

செய்ய வேண்டியவை

• பகல் 11 மணி முதல் 3 மணி வரை இயன்றவரை நிழலில் இருங்கள். திடல் பயிற்சியைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுமாறு ஆசிரியரிடம் கேட்கலாம்.
• அகன்ற விளிம்புத் தொப்பி, நெருக்கமாக நெய்த துணியால் ஆன நீண்ட கைச்சட்டை, குடை ஆகியவை முதல் காவல்.
• மூட முடியாத இடங்களில் சன்ஸ்கிரீன் பூசுங்கள். எஸ்.பி.எஃப். 30 என்பது 'பி' கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டையும், 50 என்பது சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கும். வேறுபாடு சிறிதே. 'ஏ' கதிரையும் தடுக்குமா என்று பார்த்து வாங்குங்கள். போதிய அளவு பூசுவதும், இரண்டு மணிக்கு ஒருமுறை, வியர்த்தால் அல்லது நீந்தினால் உடனே, மீண்டும் பூசுவதும்தான் முக்கியம்.

இது விளம்பரப் பேச்சன்று. ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 1992இல் 1,621 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் செதிள் உயிரணுப் புற்று ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. ஆய்வில் பங்கேற்றோர் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதையும் மறக்கக் கூடாது. நமக்குப் பலன் அதே அளவு இருக்கும் என்று அப்படியே சொல்ல முடியாது. நமக்கு நிழலும் உடையும் சன்ஸ்கிரீனும் துணை. உள்ளங்காலைப் பார்ப்பது அவசியம்.

அதற்காக வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடாதீர்கள். வைட்டமின் டி உருவாக வெயில் வேண்டும். வெளியே விளையாடுவது கிட்டப்பார்வையைத் தடுக்கவும் உதவுகிறது. காலையும் மாலையும் தாராளமாக விளையாடுங்கள்.

வெளுப்பாக்கும் களிம்பு வேண்டாம்

ஏழே நாளில் வெளுக்கலாம் என்று ஆசை காட்டும் சில களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கிறது. இது பற்றி மலேசிய, சிங்கப்பூர்ச் சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரித்துள்ளனர். பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கிறது. மெலனின் டி.என்.ஏ.வைக் காக்கும் குடை என்று மேலே படித்தோம். காசு கொடுத்து நம் குடையை நாமே கிழிக்கலாமா?

செய்து பாருங்கள்

1. காலை 9 மணி, பிற்பகல் 1.15, மாலை 5 மணி ஆகிய மூன்று வேளையும் ஒரு மீட்டர் கோலை நிமிர்த்தி, அதன் நிழலை அளந்து எழுதுங்கள். நிழல் கோலைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் சூரியன் 45 பாகைக்கு மேல் இருக்கிறது. புற ஊதா வலிமையானது.

2. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை குளித்த பின், நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கை, உள்ளங்கால், விரல் இடுக்கு, இருபது நகங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டுப் பாருங்கள். முதுகை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விடை காணுங்கள்

1. கோலாலம்பூரில் சூரியன் 12 மணிக்கு உச்சியில் இல்லாதது ஏன்?
2. நகத்தடி இரத்தக் கட்டையும் நிறமிக் கோட்டையும் எப்படி வேறுபடுத்துவீர்கள்?
3. உள்ளங்கால் மெலனோமாவைச் சன்ஸ்கிரீன் தடுக்காதது ஏன்?

விடைகள் மூன்றும் இப்பாடத்திலேயே உள்ளன. அவற்றை எழுதிய பின், காலுறையைக் கழற்றி உள்ளங்காலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு, பாட்டியின் காலையும்.